ஓட்டைன்னு சொல்லி ஓட்டை விக்காதீங்க

பொன்னேரியில பஸ் ஏறி பழவேற்காடு போகும்போது ஜன்னல் சீட் கிடைச்சா ஒரு வேலை பண்ணுங்க. கூரைகளை மட்டும் பாருங்க. பனை ஓலை, நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகர ஷீட், கான்கிரீட் தளம். பில்டிங் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல கூரைன்னு ஒரு யூனிட் படிச்சோமே, அது மொத்தமும் அந்த ஒரு டிக்கெட்டுல வந்துடும்.

இதுல குறைஞ்சுட்டே வர்றது ரெண்டு. ஒண்ணு ஓலை, இன்னொண்ணு ஓடு. ஓலை குறையறதுல எனக்கு வருத்தம் இல்லை. ஒரு தீப்பொறி போதும், வரிசையா நிக்கற குடிசைங்க போயிடும். அதுல அழகு பார்க்கறது அங்க தூங்காதவங்க வேலை.

ஓடு விஷயம் வேற. ஓட்டுக் கூரையைப் பிரிச்சுட்டு ஷீட்டோ தளமோ போடறது தப்புன்னு நான் சொல்ல வரலை. கூரை மாத்தறது அவங்கவங்க வீடு, அவங்கவங்க உரிமை. ஆனா பிரிச்ச ஓடு எங்க போகுது? என்ன விலைக்குப் போகுது? யார் கைக்குப் போகுது? இந்த மூணு கேள்வியை யாருமே கேக்கறதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பத்தி மட்டும்தான்.

வழக்கமா நடக்கறது இப்படி. ஐப்பசி மழையில வீடு ஒழுகும். "ஓடெல்லாம் போச்சு, இனிமே தாங்காது"னு யாராவது சொல்லுவாங்க. பழைய வீடு இடிக்கிற ஆள் வந்து பார்ப்பார். "கூலி எதுவும் வேணாம்மா, ஓட்டையும் மரத்தையும் நாங்க எடுத்துக்கறோம்" அப்படிம்பார். வீட்டுக்காரங்களுக்கு ஒரே நிம்மதி. கூலியும் மிச்சம், குப்பையும் காலி. ரெண்டு நாள்ல கூரை முழுக்க குட்டி யானையில ஏறிடும். எத்தனை ஓடு போச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. எண்ணியிருந்தாத்தானே தெரியும்?

அந்த ஆளைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. அவருக்கு ஓட்டோட விலை தெரியும், அது அவர் தொழில். வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. நான் சொல்ல வர்றது சின்ன விஷயம். ஓட்டை எண்ணி இறக்குங்க. எண்ணாம மொத்தமா கொடுக்காதீங்க. முடிஞ்சவரை ஊருக்குள்ளயே கொடுங்க.

செத்தது ஓடு இல்லை

முதல்ல ஒரு வெளியூர்க் கதை. ஸ்லேட்டுன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது எல்கேஜி. ஆந்திராவுல மார்காபுரம்ங்கற ஊரு அந்த எழுதற ஸ்லேட்டுக்குப் பேர் போனது. அதே மாதிரிக் கல்லை மெல்லிசா பிளந்து, கூரையில ஆணி அடிச்சு ஓடு மாதிரி வரிசையா பொருத்தற ஊருங்களும் இருக்கு. இமாச்சலத்துல தர்மசாலா பக்கத்துல கனியாரான்னு ஒரு இடம், காங்க்ரா பள்ளத்தாக்கு வீடுகளுக்கு ஸ்லேட் கொடுத்த குவாரிகள் அங்கதான். இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ் இருக்கே, அதோட வடமேற்கு ஸ்லேட் மலைப்பகுதியை 2021ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயே சேர்த்துடுச்சு.

அந்த ஊர்க்காரங்களும் கூரை மாத்தறாங்க. ஸ்லேட்டை இறக்கிட்டு வேற ஓடு போடறாங்க. ஆனா இறக்கின ஸ்லேட்டுக்குன்னு ஒழுங்கான ஒரு சந்தை இருக்கு. அளவு வாரியா பிரிச்சு, எண்ணிக்கை சொல்லி விக்கறாங்க. அளவுக்கெல்லாம் பேரே உண்டு. 24க்கு 12 அங்குலம்னா டச்சஸ், 20க்கு 10 கவுன்டஸ், 16க்கு 8 லேடி. அதாவது சீமாட்டிங்க பேரை வச்சு கல்லை எண்ணியிருக்காங்க.

அவங்களுக்கு அனுபவத்துல தெரிஞ்ச ஒரு உண்மை இருக்கு. நூறு வருஷம் ஆனாலும் நல்ல ஸ்லேட் கெட்டுப் போறதில்லை. அதைப் பிடிச்சிருக்கற இரும்பு ஆணிதான் துருப்பிடிச்சு அறுந்து போகும். ஸ்லேட் ஒவ்வொண்ணா சறுக்கி விழ ஆரம்பிக்கும். பார்க்கறவங்க கண்ணுக்கு கூரையே போயிட்ட மாதிரி தெரியும். இதுக்கு 'ஆணி நோய்'னு அங்க பேரே இருக்கு. நோய் ஆணிக்கு, கல்லுக்கு இல்லை.

நம்ம ஓட்டுக் கதையும் அச்சு அசல் இதேதான். சுட்ட மண் துருப்பிடிக்காது. கரையான் அரிக்காது. நல்லா வெந்த ஓட்டை உப்புக் காத்தும் சுலபத்துல ஒண்ணும் பண்ணாது. கெடறது எது? ஓட்டைத் தாங்கற ரீப்பர். ரீப்பரைத் தாங்கற கைமரம். முகட்டு ஓட்டைப் பிடிச்சிருக்கற சுண்ணாம்புப் பூச்சு. பூனை ஓடி நகர்ந்த ஓடு, தேங்காய் விழுந்து விரிஞ்ச ஓடு, இப்படி அங்கங்க சிலது. ஒழுகற இடம் பத்து. பழி வர்றது அறுநூறு ஓட்டு மேல.

சந்தேகமா இருந்தா தட்டிப் பாருங்க. ஒரு ஓட்டைக் கையில தொங்கவிட்டு விரல் முட்டியால தட்டணும். கணீர்னு சத்தம் வந்தா ஓடு நல்லா இருக்கு. சத்துன்னு செத்த சத்தம் வந்தா விரிசல் இருக்கு, இல்லைன்னா சூளையில சரியா வேகலை. மண்பானை வாங்கும்போது ஆயா பண்றது இதுதான். மெட்டீரியல்ஸ் லேப்ல ரெண்டு செங்கல்லை மோதவிட்டு 'சவுண்ட்னஸ் டெஸ்ட்'னு ரெக்கார்ட் நோட்டுல எழுதினோமே, அதுவும் இதுதான். ஸ்லேட் வாங்கற வெள்ளைக்காரரும் இப்படித் தட்டித்தான் வாங்கறார்.

ஓட்டு வீடுன்னா கேவலமா?

இப்ப ஓட்டு வீடுன்னா ஏழை வீடு. பொண்ணு கொடுக்கறவங்க "தளம் போட்ட வீடா?"ன்னு முதல்ல கேக்கறாங்க. ஆனா ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி, ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாறினதே அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்ததுக்கு அடையாளம். சீமை ஓடுன்னு பேர் வச்சதே அது ஒசத்தியா இருந்ததாலதான்.

அந்த ஓடு வந்த வழியும் சுவாரஸ்யமானது. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கற மாதிரி ஓடு செய்யற முறையை 1841ல பிரான்ஸ்ல அல்சாஸ் பகுதியில கிலார்டோனி சகோதரர்கள் கொண்டு வந்தாங்க. 1865ல ஜார்ஜ் பிளெப்ஸ்ட்ங்கற ஜெர்மன் மிஷனரி மங்களூர் ஜெப்புவுல, நேத்ராவதி ஆத்தங்கரையில ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சார். பாசல் மிஷன் ஓடுன்னா அது. முதல் உலகப் போர் வந்ததும் எதிரி நாட்டுச் சொத்துன்னு பிரிட்டிஷ் அரசு அதை எடுத்துக்கிட்டது, அப்புறம் அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போச்சு. அதுக்குள்ள அந்த மாதிரி ஓடு செய்யற பல தொழிற்சாலைகள் கர்நாடகம், கேரளாவுல வந்தாச்சு. எங்க செஞ்சாலும் பேர் மட்டும் மங்களூர் ஓடு.

இங்க ஒரு உஷார் தகவல். ஓட்டோட முதுகுல '1865'னு அச்சு இருந்தா, அது கம்பெனி பிறந்த வருஷம். ஓடு பிறந்த வருஷம் இல்லை. "நூத்தறுபது வருஷப் பழசு"ன்னு யாராவது உங்ககிட்ட விலையேத்தி வித்தா நம்பாதீங்க. அதே நேரம், அந்த அச்சுக்கு வாங்கறவங்ககிட்ட ஒரு மவுசு இருக்கறதும் நிஜம். உங்க வீட்டுக் கூரையில அது இருந்தா, மத்ததோட கலக்காம தனியா எடுத்து வைங்க.

இந்த மவுசுதான் விஷயமே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா பழைய பொருள் கடைங்க இருக்கு. இடிச்ச செட்டிநாட்டு வீடுகளோட தூணும் கதவும் அங்கதான் வந்து நிக்கும். நம்ம பக்கத்துல முட்டுக்காட்டுல 1996ல திறந்த தட்சிணசித்ரா இருக்கு. தென்னிந்தியாவுல பல ஊர்கள்ல இடிபட இருந்த வீடுகளை வாங்கி, பிரிச்சு, எண் போட்டு, கொண்டு வந்து திரும்பக் கட்டி வச்சிருக்காங்க. அது நல்ல வேலை, ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை. ஆனா ஈசிஆர்ல எத்தனை காபி ஷாப், எத்தனை 'ஹெரிடேஜ் ஸ்டே' பழைய ஓட்டை மேல போட்டு, அந்த 'லுக்'குக்கு தனியா காசு வாங்குது? ஒரே ஓடு. குப்பத்துல இருந்தா வறுமை, ரிசார்ட்டுல இருந்தா ரசனை. ரெண்டுக்கும் நடுவுல அந்த ஓடு பயணம் பண்ற லாரியிலதான் லாபம் இருக்கு. வீட்டுக்காரங்க அந்த லாரியில ஏறவே இல்லை.

பழவேற்காட்டுல இது இன்னும் கொஞ்சம் உறுத்தும். 1613ல டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டை கட்டின ஊர் அது. கோட்டை இப்ப புதர் மண்டின மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் தொல்லியல் துறையோட பாதுகாப்பு இருக்கு. இருக்கட்டும், அந்தக் கல்வெட்டு வேலைப்பாடு பார்க்க வேண்டியதுதான். ஆனா செத்தவங்க கல்லுக்கு வேலி போட்ட ஊர்ல, இருக்கறவங்க தலைக்கு மேல இருந்த கூரைக்கு ஒரு கணக்குகூட கிடையாது.

கணக்கு போடுவோம்

நம்ம இன்ஜினியரிங் பசங்க. உணர்ச்சிவசப்படறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் போடணும்.

300 சதுர அடி தரையளவுள்ள ஒரு சின்ன வீடு. ஏறத்தாழ 28 சதுர மீட்டர். கூரை 30 டிகிரி சாய்வுன்னா பரப்பு 1.15 மடங்கு ஆகும். சுத்தி இறவாரம் வேற நீட்டிக்கிட்டிருக்கும். எல்லாம் சேர்த்து 40 சதுர மீட்டர்னு வைங்க. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு சுமார் 15 பிடிக்கும். ஆக மொத்தம் 600 ஓடு. ஒண்ணு இரண்டரை கிலோன்னா ஒன்றரை டன். இறக்கும்போது உடையறது, முன்னாடியே விரிஞ்சது, மூக்கு உடைஞ்சதுன்னு கால்வாசி கழிச்சாலும் 450 நல்ல ஓடு கையில நிக்கும்.

ஒரு பேச்சுக்கு ஓட்டுக்கு 10 ரூபான்னு வைங்க. உண்மை விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்குக்காகச் சொல்றேன். 4,500 ரூபா. "அட, இதுக்கா இவ்ளோ பில்டப்?"னு நீங்க கேக்கறது காதுல விழுது. கேள்வி நியாயம்தான். வித்துக் காசாக்கினா ஓடு பெரிய தொகை இல்லை. கூடவே போற தேக்கு உத்திரமோ, பழைய கதவோ இருந்தா தொகை வேற மாதிரி ஆகும், அதையும் அந்த 'கூலி வேணாம்' டீல்ல சேர்த்துத்தான் கொடுத்துட்டு இருக்காங்க.

ஆனா ஓட்டோட உண்மையான மதிப்பு விக்கறதுல இல்லை, திரும்பப் போடறதுல இருக்கு.

தளம் போடணும்னு முடிவு பண்ணியாச்சுன்னு வைங்க. சிம்ப்ளி சப்போர்ட்டட் ஸ்லாப்ல மேல கம்ப்ரஷன், கீழ டென்ஷன். டென்ஷனைத் தாங்கறது கம்பி. கீழ்ப் பகுதியில கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கற கான்கிரீட் என்ன பண்ணுது? பெரிசா ஒண்ணும் இல்லை. குரூப் ப்ராஜெக்ட்ல பேரு மட்டும் போட்டுக்கற நண்பன் மாதிரி. வெயிட் உண்டு, காசு செலவு உண்டு, வேலை கிடையாது. அந்த இடத்துல கான்கிரீட்டுக்குப் பதிலா பழைய ஓட்டை வச்சு அடைச்சா என்ன? இதுதான் ஃபில்லர் ஸ்லாப். இங்கிலாந்துல பிறந்து, கேரளாவுல வாழ்ந்து மறைஞ்ச லாரி பேக்கர் (1917–2007) வீடு வீடா செஞ்சு காட்டினது. ஓட்டுத் தொழிற்சாலை ஒதுக்கின மங்களூர் ஓட்டை ரெண்டு ரெண்டா சேர்த்து வச்சு தளம் போட்டார். நடுவுல காத்து நிக்கறதால வெக்கையும் குறைவா இறங்கும். 1990ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம சிலபஸ்ல அவருக்கு எத்தனை பக்கம்னு நீங்களே பாருங்க.

அந்த 28 சதுர மீட்டருக்கு 120 மில்லி தளம்னா கான்கிரீட் சுமார் 3.4 கன மீட்டர். அதுல ஐந்துல ஒரு பங்கு குறையுதுன்னு அடக்கமா கணக்கு போட்டாலும் 0.67 கன மீட்டர் மிச்சம். சிமெண்ட்ல நாலஞ்சு மூட்டை, மணலும் ஜல்லியும் தனி. தளத்துல சதுர மீட்டருக்கு அஞ்சு ஜோடின்னா 280 ஓடு உள்ள போகும். எடை? கான்கிரீட் ஒன்றரை டன்னுக்கு மேல குறையும், ஓடு 700 கிலோ கூடும். நிகரமா சுமார் 900 கிலோ சுவர் மேலிருந்து இறங்கிடும். அதாவது ஒரு மாருதி காரைக் கூரையிலிருந்து எடுத்து விட்ட மாதிரி.

மீதி ஓடு பக்கத்துத் தெருவுக்கு

450ல 280 போக 170 ஓடு மிச்சம் இருக்கு. இதை யாருக்கு விக்கறது? இங்கதான் எனக்கு ஒரு யோசனை.

2024ல தமிழ்நாடு அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவிச்சது. 2030க்குள்ள குடிசை இல்லாத தமிழ்நாடு, எட்டு லட்சம் வீடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபா. அந்த வீட்டோட அளவு 360 சதுர அடி. அதுல 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்கு தீப்பிடிக்காத வேற கூரையை பயனாளியே முடிவு பண்ணிக்கலாம்.

தீப்பிடிக்காத கூரை. சூளையில வெந்து வந்ததைவிட தீக்குப் பயப்படாத பொருள் வேற எது? 60 சதுர அடின்னா ஐந்தரை சதுர மீட்டர், சாய்வும் இறவாரமும் சேர்த்தா ஏழு, ஏழேகால். 110 ஓடு போதும். அதாவது கோட்டைக்குப்பத்துல ஒரு ஓட்டு வீட்டுக்காரர் தளம் போடும்போது இறக்கற ஓட்டுல மிச்சம் இருக்கறதே, கூனங்குப்பத்துல ஓலையிலிருந்து மாறற ஒரு குடும்பத்தோட சமையல்கட்டுக்குப் போதும். லாரி வேணாம், ஒரு மீன் பாடி வண்டி போதும். விக்கறவருக்கும் மொத்தமா கொடுக்கறதைவிடக் கூடுதலா கிடைக்கும், வாங்கறவருக்கும் புது ஓட்டைவிட மலிவு. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற ஆளு மட்டும்தான் இல்லாம போவார்.

இது நடக்காததுக்குக் காரணம் ஓடு இல்லாதது இல்லை. யார் வீட்டுல எந்த மாசம் கூரை இறங்குதுன்னு அடுத்த குப்பத்துக்குத் தெரியாததுதான். மீன் விலை காலையில ஏழு மணிக்குள்ள எல்லா கரைக்கும் தெரியுது. ஏரியில யார் எந்தப் பாட்டுல வலை போடணும்னு முறை வச்சுப் பகிர்ந்துக்கத் தெரிஞ்ச ஊர் இது. ஓட்டுக்கு ஒரு வாட்ஸப் குரூப் வைக்கறது அதைவிடக் கஷ்டமா?

இதுக்கு அரசாங்கம் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. ஒரு பழைய ஓட்டுப் பள்ளிக்கூடக் கட்டடத்தை இடிக்கணும்னா ஊராட்சி ஒன்றியத்துல என்ன பண்றாங்க? இன்ஜினியர் வந்து, அதுல எடுக்கக்கூடிய மரம், ஓடு, கம்பி, செங்கல்லுக்கு மதிப்பு போடுவார். குறைஞ்சபட்ச விலை வச்சு ஏலம் விடுவாங்க. அதிகமா கேட்டவருக்கு இடிக்கற உரிமை. காசு அரசுக் கணக்குக்கு. அரசாங்கத்தோட ஓட்டுக்கு விலை உண்டு, ஆயா வீட்டு ஓட்டுக்கு மட்டும் விலை இல்லையா? வீடு கட்டற திட்டத்துக்கு எஸ்டிமேட் போட வர்ற அதே இன்ஜினியர், பழைய கூரையில இருக்கற பொருளோட மதிப்பையும் ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும். அந்த ஒரு வரி கையில இருந்தா, "கூலி வேணாம், எடுத்துக்கறோம்"னு வர்றவர்கிட்ட பேசறதுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

"நீ வந்து ஓட்டு வீட்டுல இருந்து பாரு"

இந்தக் கேள்வி வரும், வரணும். புயல் வந்தா? 2016 டிசம்பர் 12ல வர்தா கரையைக் கடந்தப்ப என்ன ஆச்சுன்னு வடசென்னைக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓடு பறக்கும். கடலோரத்துல தளம் கேக்கறவங்க பயம் நூறு சதவீதம் நியாயம். அதனாலதான் தளமே போடாதீங்கன்னு நான் சொல்லலை. ஓட்டைக் கூரையாவே திரும்பப் போடறதா இருந்தா, மூக்குல இருக்கற துளையில துருப்பிடிக்காத கம்பி கோத்து ரீப்பரோட கட்டணும். இறவாரத்து வரிசைக்கும் முகட்டுக்கும் இது கண்டிப்பா வேணும், காத்து முதல்ல அங்கதான் கை வைக்கும்.

வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஏறி ஓடு மாத்தறதுக்கு ஆள் கிடைக்கறதில்லை, இதுவும் உண்மை. அந்த வேலை தெரிஞ்சவங்களுக்கு வயசாயிடுச்சு, அவங்க பசங்க வேற வேலைக்குப் போயாச்சு.

ஆனா தளத்துக்கு மட்டும் பராமரிப்பு வேணாம்னு நினைச்சுக்கறோமே, அது தப்பு. ஐஎஸ் 456ல எக்ஸ்போஷர் டேபிளை நாம மனப்பாடம் பண்ணோம். கடலோரச் சூழல்ல வெளிய நிக்கற கான்கிரீட் 'சிவியர்'. குறைஞ்சது எம்30 கிரேடு, 45 மில்லி கவர். மேஸ்திரி கைக்கணக்குல கலக்கற கலவையில எத்தனை வீட்டுக்கு இது கிடைக்குது? உப்பு உள்ள இறங்கினா கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பியைவிட அதிக இடம் கேக்கும். கான்கிரீட்டை உள்ளேயிருந்து தள்ளும். ஒருநாள் அடிப்பக்கம் பாளம் பாளமா பேந்து விழும். ஒழுகற ஓட்டை ஏறி மாத்திடலாம். துருப்பிடிச்ச தளத்தை என்ன பண்ணுவீங்க?

இன்னொண்ணு, ஓட்டை வித்துட்டு பலபேர் போடறது தளம் இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காசு அவ்ளோதான் இருக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனுஷனுக்குப் புற்றுநோய் தர்றதுன்னு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் பிரிவுல வச்சிருக்கு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடையும்போதும் வர்ற தூசிதான் எமன். ரீப்பர் மட்டும் மாத்தியிருந்தா இன்னும் முப்பது வருஷம் ஓடியிருக்கற கூரையை இறக்கிட்டு, இதைத் தலைக்கு மேல வைக்கறது முன்னேற்றம் இல்லை. ஓட்டைக் கொடுத்துட்டு ஓட்டையை வாங்கறது.

நமக்கு என்ன வேலை?

மக்களே, வருஷா வருஷம் சிவில் டிபார்ட்மெண்ட் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டைப் பாருங்க. சிமெண்ட்டுக்குப் பதிலா சாம்பல், சிமெண்ட்டுக்குப் பதிலா முட்டை ஓட்டுத் தூள், ஜல்லிக்குப் பதிலா தேங்காய்ச் சிரட்டை. சீனியர் போட்டதையே தேதி மாத்திப் போடறோம். முட்டை ஓட்டுக்குக் கிடைச்ச மரியாதை வீட்டு ஓட்டுக்குக் கிடைக்கலை.

நான் மேல சொன்ன ஃபில்லர் ஸ்லாப்ல நிஜமாவே தீர்க்காத ஒரு சிக்கல் இருக்கு. கேரளாவுல உள்ளூர்ல போடற தளம் வேற, உப்புக் காத்துல நிக்கற தளம் வேற. 45 மில்லி கவர் வேணும்னா தளம் எவ்வளவு தடிமனாகும்? அப்ப மிச்சம் ஆகற சிமெண்ட் நிக்குமா, போயிடுமா? ஓட்டு ஓரமா உப்பு கம்பிக்கு இறங்குமா? எத்தனை வருஷம் உப்புக் காத்து வாங்கின ஓடு எவ்வளவு தண்ணி உறிஞ்சும், எவ்வளவு பாரத்துல உடையும்? ஐஎஸ் 654ல மங்களூர் ஓட்டுக்கான டெஸ்ட் எல்லாம் இருக்கு, நம்ம லேப்ல மெஷினும் இருக்கு. பழைய ஓடு பத்து கொண்டு வந்தா ஆரம்பிச்சுடலாம். ஒரு பேட்ச் இதைச் செஞ்சு, விடையைத் தமிழ்ல ரெண்டு பக்கமா அச்சடிச்சு பழவேற்காட்டு மேஸ்திரிங்க கையில கொடுத்தா, அது ஐஇஇஇ பேப்பரைவிட அதிகமா படிக்கப்படும். விடை "இங்க ஒத்து வராது"ன்னு வந்தாலும் சரி, அதுவும் அவங்களுக்கு வேண்டிய விடைதான்.

அதுவரைக்கும், உங்க வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ ஓட்டுக் கூரை இறங்கப் போகுதுன்னா:

இடிக்கிற ஆளோட பேசறதுக்கு முன்னாடி கூரையை எண்ணுங்க. நீளவாட்டுல ஒரு வரிசை, சரிவுல ஒரு வரிசை, பெருக்கினா போதும். ரெண்டு பக்கச் சரிவையும் மறக்காதீங்க. முகட்டு ஓடு தனிக் கணக்கு.

மேலிருந்து எறிய விடாதீங்க. கைமாத்திக் கைமாத்தி இறக்கினா கூலி ஒரு நாள் கூடும், ஓடு நூறு கூடும்.

இறக்கினதும் தட்டிப் பார்த்து நல்லது, கெட்டது பிரிங்க. படுக்க வச்சு அடுக்காதீங்க, அடி ஓடு நொறுங்கும். சுவர் ஓரமா நெட்டுக்குத்தா வரிசையா நிறுத்துங்க.

மரத்தையும் ஓட்டையும் சேர்த்து விலை பேசாதீங்க. ஓட்டுக்கு எண்ணிக்கை, மரத்துக்கு கன அடி.

புதுசா கட்டற வீட்டுல எங்கெல்லாம் தளம் தேவையில்லைன்னு ஒரு தடவை யோசிங்க. சமையல்கட்டு, வலை வைக்கற இடம், திண்ணைக்கு மேல ஒரு சாய்ப்பு. மிச்சம் இருந்தா முதல்ல பக்கத்துத் தெருவுல கேளுங்க. அங்க யாரும் வேணாம்னு சொன்னப்புறம், வெளியூர் லாரியைக் கூப்பிடலாம்.